பின் இடது மூலையில் ஒரு மந்திரம்

நவம்பர் 16, ஞாயிறு

இன்று நடந்த கூத்துக்கு முதல் காரணம் நான்தான். பதினான்காம் டிராக்கை முழுதும் கேட்காமல் பெயர் எழுதிவிட்டேன். குரல் தொடங்கும் இடத்தில் கொஞ்ச நேரம் கேட்டேன். தூரத்தில் யாரோ முணுமுணுப்பது போல இருந்தது. எல்லோரும் சொல்வதையே நானும் எழுதினேன்: 'மந்திரம்'. மற்ற டிராக்குகளைக் கடைசி வரை கேட்டுத்தான் பெயரிட்டேன். அதைச் சொல்லி இப்போது என்ன பயன்?

வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும்.

என் பெரியப்பா இளமையில் ஒரு ராக் குழுவில் ஆர்கன் வாசித்தவர். அந்தக் குழு வெளியிட்டது ஒரே ஓர் இசைத்தட்டு, 'ஏழு வாசல் மலை'. ப்ரோக்ரஸிவ் ராக் என்று வகை சொல்வார்கள். அதாவது ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. அது முடிவதற்குள் டீ போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தும் விடலாம். அட்டையில் படிக்கட்டு ஏறும் ஒரு மீன். தாளம் ஏழு ஏழாகப் போகும், யாரும் தெரியாத்தனமாகக் காலால் தட்டி ரசித்துவிடக் கூடாது என்பதற்காகவே செய்தது போல. வெளிவந்த காலத்தில் அதை வாங்க ஆளில்லை. இப்போது மகிமை கூடிக்கொண்டே போகிறது. அன்றைக்கு வாங்காதவர்கள் எல்லோரும் வாங்கியதாகச் சொல்லத் தொடங்கியிருப்பது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதற்கென்று ஒரு ரசிகர் வட்டம் உண்டு. ஐந்து பேர், ஐந்து பேருக்கும் இடுப்பு வலி. அவர்களில் மூத்தவருக்கு மனதுக்குள் 'விரிவுரை' என்று பெயர் வைத்திருக்கிறேன். கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் மணி அடிக்க ஆளில்லாததால் வகுப்பை இன்னும் முடிக்கவில்லை.

பாட்டின் நடுவே, ஆர்கனுக்குப் பின்னால் அந்த முணுமுணுப்பு வரும். அது சட்டென்று நிற்கும்போது எல்லா வாத்தியங்களும் நின்று ஓர் அமைதி விழும். பிறகு டிரம் அடித்து மறுபடி தொடங்குவார்கள். முணுமுணுப்புக்கு 'மந்திரம்' என்றும் அமைதிக்கு 'எட்டாம் வாசல்' என்றும் வட்டம் பெயர் சூட்டியிருக்கிறது. எட்டாம் வாசலைப் பற்றி விரிவுரை ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். அமைதியைப் பற்றி அவ்வளவு பேச அவரால்தான் முடியும்.

நான் மாலை வகுப்பில் ஒலிக்கலவை படிக்கிறேன். பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. பெரியப்பா வீட்டுப் பரணில் அந்த இசைத்தட்டின் மூல டேப் இருப்பதை வகுப்பில் உளறியதும் நான்தான். மாஸ்டர் பிடித்துக்கொண்டார். தனித்தனியாகப் பதிவான பதினாறு டிராக்கையும் பிரித்து, சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும் சரவுண்ட் சவுண்டில் புதிதாக மிக்ஸ் செய்து வெளியிடுவோம் என்றார். பெரியப்பா குளிர்ந்துபோனார். டிராக்குகளைக் கேட்டுப் பெயரிடும் வேலை எனக்கு வந்தது. மந்திரம் காதருகே கேட்க வேண்டும் என்று வட்டம் கெஞ்சியதால், மாஸ்டர் பதினான்காம் டிராக்கைப் பின் இடது ஸ்பீக்கருக்கு அனுப்பி, கொஞ்சம் எதிரொலி சேர்த்து, சத்தத்தையும் தாராளமாக ஏற்றினார். அவர் திரையில் அலையைப் பார்த்து மிக்ஸ் செய்கிறவர். காதை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை.

இன்று மாலை வகுப்பறையில் முதல் முறையாக எல்லோரும் கேட்டோம். சரவுண்டில் ஒரு சிக்கல், ஒலி சரியாக விழுவது நடுவில் போட்ட ஒரு நாற்காலிக்கு மட்டும்தான். ஆறு பேர் அதை விட்டுக்கொடுப்பது போலவே சுற்றிச் சுற்றி வந்தார்கள். கடைசியில் பெரியப்பா உட்கார்ந்தார். பெரியம்மாவுக்கு மிச்சமிருந்தது பின் இடது ஸ்பீக்கரை ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அவர் பாட்டுக் கேட்க வரவில்லை, பெரியப்பாவைக் காரில் கொண்டுவந்து விட வந்தவர். பெரியம்மா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். அவரிடம் பாஸாகாத ஒரே ஆள் பெரியப்பா.

"எவ்ளோ நேரம்டி ஓடும் இது?" என்று என்னிடம் கேட்டார்.

"ஒரு பாட்டுதான் பெரியம்மா."

"அதான் பயமா இருக்கு."

பாட்டு தொடங்கியது. கிடார் முன் வலதில் கிளம்பி, அறையைச் சுற்றி ஈ போலப் பறந்தது. ஐந்து தலைகளும் அதன் பின்னாலேயே திரும்பின. "அப்பா! அப்பப்பா!" என்றார் ஒருவர். புல்லாங்குழல் பின்னால் வந்தது. எதற்கு என்று தெரியவில்லை, பின்னால் ஸ்பீக்கர் இருக்கிறதே என்பதற்காக இருக்கலாம். விரிவுரை கண்ணை மூடிக்கொண்டு, "வெளி... இது வெளி" என்றார். எனக்கு நாலு சுவரும் ஒரே சமயத்தில் பேசுவது போலத்தான் இருந்தது. எனக்கு ரசிக்கத் தெரியாமலும் இருக்கலாம்.

பிறகு ஆர்கன். பெரியப்பா முழங்காலில் விரல்களை ஓட்டினார். பின் இடது மூலையிலிருந்து மந்திரம், கண்ணாடி துடைத்து மாட்டியது போலத் தெளிவாக வந்தது.

"ஒண்ணு ரெண்டு மூணு, நாலு அஞ்சு, ஆறு ஏழு. ஒண்ணு ரெண்டு மூணு, நாலு அஞ்சு, ஆறு... ஏன் நிக்கிறீங்க? ஏழு இருக்கு. ஏழு! ஒண்ணு ரெண்டு..."

பெண் குரல். இளம் பெண்ணின் குரல்தான், ஆனால் தொனி மாறவே இல்லை. கிளட்ச்சை விடாதே என்று தெருவே அதிரச் சொல்லும் அதே தொனி. நான் ஸ்டூலைப் பார்த்தேன். பெரியம்மா ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"...அஞ்சு, ஆறு, ஐயோ, மறுபடியுமா? கைய எடுங்க. எடுங்கன்னா எடுங்க!"

எட்டாம் வாசல் திறந்தது. அவ்வளவு அமைதியை நான் எந்த ஸ்பீக்கரிலும் கேட்டதில்லை.

டிரம் மறுபடி தொடங்கியதும் மாஸ்டர் பாய்ந்து நிறுத்தினார். "இது... அறை மைக். அறைல கேட்டது எல்லாமே அதுல பதிவாயிருக்கு" என்றார், குற்றம் மைக்குடையது என்பது போல.

"நான்தான் அது" என்றார் பெரியம்மா. "கல்யாணத்துக்கு முன்னாடி. இவருதான் பக்கத்துல நின்னு எண்ணச் சொன்னாரு. ஏழு வரலைன்னாரு. நின்னுடுச்சேன்னு கேட்டேன், ஸ்டுடியோ வாடகை நேரம் முடியுது, இப்படியே இருக்கட்டும்னாங்க."

விரிவுரை கண்ணைத் திறக்காமலே தப்பிக்கப் பார்த்தார். "எண்ணுதலும் ஒருவகைத் தியானம்தானே. உண்மையில நான் இதைத்தான்..."

"என்ன தியானம்? உங்க நண்பருக்கு ஆறுக்கு அப்புறம் கணக்கு தெரியல, அவ்ளோதான்." பெரியம்மா எழுந்தார். "என் வீட்டு ஹால்ல உக்காந்து, நான் குடுத்த டீயக் குடிச்சிட்டு, எனக்கே இந்த மந்திரத்த விளக்குனீங்களே. 'உனக்குப் புரியாதும்மா, அது வேற தளம்'னு. நான் அந்தத் தட்ட முழுசா கேட்டதே இல்ல. சரி, ஏதோ பெரிய விஷயம் போலன்னு நெனச்சேன்." பிறகு நடு நாற்காலியின் பக்கம் திரும்பினார். "இவங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல?"

பெரியப்பா தன் விரல்களைப் பார்த்தார். ஆறு வரை எண்ணியிருப்பார்.

திரும்பும்போது நான் காரின் பின் இருக்கையில் இருந்தேன்.

"சொல்லணும்னுதான் நெனச்சேன்" என்றார் பெரியப்பா.

"எப்போ?"

அது டிரைவிங் ஸ்கூல் கார். பெரியப்பா பக்கத்திலிருந்த பயிற்சி பிரேக்கில் அவர் கால் தானாக ஏறியது. "கால எடுங்க" என்றார் பெரியம்மா.

நவம்பர் 18, செவ்வாய்

புதன்கிழமை இறுதிக் கோப்பை அனுப்ப வேண்டும். மாஸ்டர் கையைக் கழுவிக்கொண்டார். "டிராக் உன்னோடது, டேப் உங்க பெரியப்பாவோடது. குடும்ப விஷயத்துல நான் என்ன சொல்றது?" ஞாயிற்றுக்கிழமை வரை எல்லாம் அவருடையதாக இருந்தது.

டேப் பெரியப்பாவுடையது என்பதால் அவர் சம்மதிக்காமல் எதுவும் வெளிவராது. மதியம் கடைக்குப் போன் செய்தார். லென்ஸ் பொருத்திக்கொண்டே பேசினேன்.

"பதினாலு நம்பர எடுத்துடும்மா."

"எடுத்துட்டா மந்திரமே இருக்காது பெரியப்பா. வட்டம் விடுமா?"

அது அவருக்கும் தெரியும். விரிவுரை காலையிலேயே கூப்பிட்டிருக்கிறார், மந்திரமில்லாத மலை வெறும் மேடு என்று. மனிதர் அவமானத்திலிருந்து ஒரே நாளில் எழுந்துவிட்டார். இடுப்புதான் நிமிரவில்லை.

"அப்ப மங்கலா வை. பழைய மாதிரி, யாருக்கும் புரியாத மாதிரி."

அவருக்குப் பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது, பின் இடது மூலையிலிருந்து வருவது போலவே. "மங்கலா வெச்சா இனிமே வட்டத்துக்கு டீயும் மங்கலாத்தான் வரும். நான் அன்னிக்கு மங்கலாவா எண்ணுனேன்?"

பெரியப்பா குரலைத் தாழ்த்தினார். "எண்ணுறது இருக்கட்டும். கடைசில 'கைய எடு'ன்னு கத்துறாளே, அத மட்டும் வெட்டிடு. என் மரியாதைம்மா அது."

எனக்கு இந்த மாதிரி நேரத்தில் சரி என்று சொல்லித்தான் பழக்கம். வாயும் அதற்குத்தான் திறந்தது. ஆனால் ஞாயிறு இரவே உட்கார்ந்து பதினாறு டிராக்கையும் ஒழுங்காகக் கேட்டிருந்தேன். அதைச் சொன்னேன்.

"பெரியப்பா, அந்தக் கத்தலுக்குத்தான் எல்லாரும் நிறுத்துறாங்க. டிரம், கிடார், எல்லாரும். அத வெட்டிட்டா ஏன் நின்னுதுன்னே தெரியாது. ரிப்பேர் ஆன மாதிரி இருக்கும். அந்தப் பாட்டுல எல்லாரும் ஒண்ணா செஞ்ச ஒரே காரியம் அதுதான்."

இவ்வளவு நேராக நான் யாரிடமும் பேசியதில்லை. லென்ஸைத் தலைகீழாகப் பொருத்தியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

 

"அவளோட பேர எப்படிப் போடுவாங்க அட்டைல?" என்றார் பெரியப்பா.

"நீங்களே கேளுங்க."

போனைக் கையால் மூடினார். இருவரும் என்னமோ பேசினார்கள். வார்த்தை புரியவில்லை. அவர் குரல் தாழ்வாகவும் பெரியம்மாவின் குரல் அப்படி இல்லாமலும் இருந்தது. பிறகு பெரியம்மா வந்தார்.

"ஏய், எழுதிக்கோ. 'ஏழு வரை எண்ணியவர்'னு போட்டு என் பேரு. மனைவி, திருமதி, அன்புக்குரியன்னு எதுவும் வேணாம். அவரு பேருக்குப் பக்கத்துல போடச் சொல்லு, மேல வேணாம், கீழயும் வேணாம்."

"பெரியப்பா சரின்னாரா?"

"கைய எடுத்துட்டாரு" என்றார் பெரியம்மா.

நாளை செய்ய வேண்டியது: ஆறு மணிக்குள் வகுப்புக்குப் போய் பதினான்காம் டிராக்கின் பெயரை அழித்து, பெரியம்மாவின் பெயரை எழுத வேண்டும். மாஸ்டர் போட்ட எதிரொலியை எடுக்க வேண்டும். சத்தத்தைக் குறைக்கக் கூடாது. கடைசி வரை ஒரு முறை கேட்க வேண்டும்.