தெற்கே தலை வைத்த வண்டில்

இரண்டு பாதங்கள், வண்டிலின் சின்னக் கதவுக்கு வெளியே நீட்டியபடி, பைன் மரங்களுக்கு இடையால் இறங்கும் காலை வெயிலில் கிடக்கின்றன, இடது குதிகாலில் ஓர் எறும்பு ஏறி, வெடிப்பைச் சுற்றிப் போய், வழி தெரியாமல் திரும்பி இறங்குகிறது, நான் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், உள்ளே இவர் குறட்டை விடுகிறார், எனக்கோ கோபம் இன்னும் ஆறவில்லை, இரவு முழுக்க விழித்திருந்துவிட்டு ஊர் எழும்பிய பிறகு நித்திரை கொள்ளும் மனிதரை என்ன செய்வது, கோப்பையில் இருப்பதை இந்தக் கால்களில் ஊற்றலாமா என்றுகூட ஒரு கணம் நினைக்கிறேன், பிறகு எறும்பை மட்டும் தட்டிவிடுகிறேன். இந்தப் பாதங்களை எனக்கு இவருடைய முகத்தைவிட நன்றாகத் தெரியும், யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு மனிதரைப் போர்வைக்கு வெளியே தெரியும் பாதங்களாகவே பார்த்துவிட்டு வேலைக்கு ஓடியவளுக்கு வேறு என்ன தெரியும், விடியற்காலையில் இவர் இரவு வேலை முடிந்து பாண் பேக்கரியிலிருந்து வருவார், தலைமயிரில் மா, கண் இமையில் மா, கைகளில் புளித்த மாவின் மணம், நான் கண்ணாடிக்கு முன்னால் கொண்டை போட்டுக்கொண்டிருப்பேன், நான் எழும்பிய இடத்தில் அப்படியே விழுவார், சூடு ஆறாத இடம், என்ன சுகமாய்க் கிடக்கு என்பார், சொல்லி முடிக்க முன்னம் குறட்டை, நான் முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்துக்குப் போய் ஊரார் படுத்த விரிப்புகளை எல்லாம் தோய்த்து மடித்துவிட்டு மாலையில் வந்தால் இவர் சோற்றுப் பெட்டியோடு வாசலில் நிற்பார், சாவியைக் கைமாற்றுவதுபோல் பிள்ளையைக் கைமாற்றுவோம், ஆரணிக்குக் காய்ச்சல், மருந்து குடுத்தனான், இரவுக்கு ஒருக்கால் குடும், அவ்வளவுதான் பேச்சு. எங்கள் கட்டில் ஒருநாளும் குளிர்ந்ததில்லை, ஆனால் அதில் இரண்டு பேர் சேர்ந்து விடியும்வரை படுத்ததும் இல்லை, அப்படியானால் ஆரணி எப்படிப் பிறந்தாள் என்று என் தமக்கை ஒருமுறை கேட்டாள், பேக்கரிக்கும் லீவு நாள் உண்டு அக்கா என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

லீவு நாளிலும் இவர் விடியும்வரை படுத்தவர் இல்லை, உடம்பு இரவை மறந்துவிட்டிருந்தது, எனக்கு நித்திரை வந்ததும் மெல்ல எழும்பிப் போய்விடுவார், பென்சன் எடுத்தால் எல்லாம் சரியாகும் என்று நான் என் மனதுக்குச் சொல்லிச் சொல்லி வைத்திருந்தேன், இவர் பென்சன் எடுத்தார், நானும் எடுத்தேன், ஆரணி கலியாணம் கட்டி ஒட்டாவாவுக்குப் போனாள், வீட்டில் நாங்கள் இருவரும் ஒரு கட்டிலும், ஆனால் இவர் இரவானால் நடக்கத் தொடங்குவார், குசினிக்கு நடப்பார், சோபாவில் இருப்பார், தொலைக்காட்சியைச் சத்தம் இல்லாமல் போட்டுவிட்டுப் பார்ப்பார், விடிந்த பிறகு வந்து என் இடத்தில் விழுவார், டொக்டரிடம் போவோம் என்றேன், எனக்கு என்ன வருத்தமப்பா என்றார், நித்திரைக் குளிசை வாங்கித் தந்தாள் மகள், அது சீனிப் போத்தலுக்குப் பின்னால் கிடந்து காலாவதியானது. எனக்கு ஆசை ஒன்றும் பெரிதில்லை, கோயில் குளம் கேட்கவில்லை, தங்கம் கேட்கவில்லை, ஓர் இரவு, ஒரேயோர் இரவு, நான் புரண்டு படுத்தால் கை இவர்மேல் படவேண்டும், கண் விழித்தால் பக்கத்தில் இந்த மனிதர் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கவேண்டும், இதைப்போய் அறுபது வயதில் வாய்விட்டுக் கேட்பதா, வெட்கமாக இருந்தது, அப்போதுதான் ஆரணி வீட்டுக்குப் போகும் பெருந்தெருவில் எங்கள் காரை ஒரு கார் முந்திப் போகிறது, அதன் பின்னால் கொழுவியபடி ஒரு சின்ன வண்டில், முன்னுக்கு உருண்டு பின்னுக்குச் சரிந்து, அச்சு அசல் கொழுக்கட்டை, பிறகு ஆரணி போனில் படங்கள் காட்டுகிறாள், உள்ளே ஒரு மெத்தை மட்டும், இரண்டு பேர் படுக்கலாம், நிமிர்ந்து நிற்க முடியாது, பின்கதவைத் தூக்கினால் சமையல் மேசை, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. நிமிர்ந்து நிற்க முடியாது, என் மனம் அந்த ஓர் இடத்திலேயே நின்றது, நிமிர முடியாத இடத்தில் இந்த மனிதர் எப்படி நடப்பார், கள்ளத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் இவரிடம் நான் சொன்னது வேறு, கனடாவுக்கு வந்து இவ்வளவு காலம், ஒரு ஏரிக்கரையில் கிடந்து பார்க்கவில்லை, இப்படி ஒன்று செய்து தாருங்கோவன், என்றேன், செய்து தாருங்கோ என்ற சொல்லுக்கு இவர் ஒருநாளும் இல்லை என்றதில்லை.

புதிதாக இரும்புச் சட்டகம் வாங்குவது வீண், பழைய வண்டில் ஒன்றைப் பிரித்து எடுப்போம் என்றார், தேடித் தேடி லின்ட்சே பக்கத்தில் ஒரு பண்ணையில் கண்டுபிடித்தார், மூடினால் பெட்டி, கைப்பிடியைச் சுற்றினால் கூரை எழும்பி, இரண்டு பக்கமும் படுக்கைகள் வெளியே நீண்டு, துணிச்சுவரோடு கூடாரமாகிவிடும் பழங்காலத்து வண்டில், புல்லுக்குள் அச்சுவரை புதைந்து கிடந்தது, வால்ட்டர் என்ற வெள்ளைக்காரக் கிழவர், இழுத்துக்கொண்டு போனால் போதும் என்றார், ஆனாலும் ஒருமுறை கூரையைத் தூக்கிக் காட்டவேண்டும் என்று நின்றார், அவருடைய பிள்ளைகள் எல்லாம் அதற்குள் படுத்து வளர்ந்தவர்களாம், கைப்பிடியைச் சுற்றச் சுற்றக் கூரை முனகிக்கொண்டு எழும்புகிறது, பூஞ்சணம் பிடித்த துணி விரிகிறது, எலிக்கூடு ஒன்று பொத்தென்று விழுகிறது, அந்தத் துணியின் மணம் மூக்கில் பட்டதும் இவருடைய முகம் மாறிப்போனதைக் கண்டேன், ஊரில் சண்டைக்காலம் வீட்டை விட்டு ஓடி, கோயில் வீதியில் தறப்பாள் கூடாரத்துக்குள் கிடந்த மழைக்காலம் எனக்கும் ஞாபகம் வந்தது, தறப்பாளுக்குள்ளை கிடந்தது காணுமப்பா, காசு குடுத்து ஆரும் திருப்பிக் கிடப்பினமோ, என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே துணியைத்தான் முதலில் வெட்டி எறிந்தார், பிறகு உக்கிப்போன தரைப்பலகை, துருப்பிடித்த கம்பி, உருளை எல்லாம் போயிற்று, மிஞ்சியது சட்டகம், அச்சு, இரண்டு சில்லு, காரில் கொழுவும் கொக்கி, பின்விளக்குகள், ஒரு குட்டிக் கைகழுவும் தொட்டி, கூரையின் அலுமினியத் தகட்டை மட்டும் பாயைச் சுருட்டுவதுபோல் பக்குவமாகச் சுருட்டி வைத்தார், நான் யன்னலால் பார்த்தால் சட்டகத்துக்குக் கீழே இருந்து இந்தப் பாதங்கள்தான் நீட்டிக்கொண்டிருக்கும், அரம் உரசும் சத்தம், துரு உதிரும் சத்தம், இடைக்கிடை பழைய பாட்டு, பகலில் நித்திரை கொள்ளும் மனிதர் அந்தக் கோடை முழுக்கப் பகலில் முழித்திருந்தார், அப்போதும் இரவில் நடந்தார், நடந்துகொண்டே கணக்குப் போட்டார்.

பக்கச்சுவருக்கு வளைவு கீறிய நாளை நான் மறக்கமாட்டேன், பிளைவுட் பலகையை நிலத்தில் கிடத்தி, அங்கங்கே ஆணி அடித்து, மெல்லிய மரச்சட்டம் ஒன்றை ஆணிகளுக்கு மேலால் வளைத்து, அந்த நுனியைப் பிடியும் என்றார், பிடித்தேன், இன்னும் கொஞ்சம் இறக்கும், இறக்கினேன், இப்ப எப்பிடிக் கிடக்கு, பலாக்கொட்டை மாதிரி, அப்ப கொஞ்சம் ஏத்தும், இப்ப, இப்ப கொழுக்கட்டை, அப்பிடியே பிடியும் அசையாதையும் என்று பென்சிலால் கோடு இழுத்தார், நான் பிடித்த நுனிதான் இந்த வண்டிலின் நெற்றி, யாரும் கேட்டால் அதை நான்தான் வளைத்தேன் என்று சொல்வேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, திசை பார்க்கும்வரை, எல்லாருடைய வண்டிலிலும் தலை கொக்கிப் பக்கம், கால் சமையல் மேசைக்குக் கீழே, ஆனால் எங்கள் வீட்டு முற்றத்தில் வண்டில் தெருவைப் பார்த்து நிற்கிறது, தெரு வடக்கில், கொக்கிப் பக்கம் தலை வைத்தால் வடக்குத் தலை, பிணத்தைத்தானே அப்படிக் கிடத்துவார்கள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கவனித்தோம், ஒரே நேரத்தில் ஐயோ என்றோம், உடனே இவர் உள்வேலையை எல்லாம் தலைகீழாக மாற்றினார், தலை சமையல் பக்கம், கால் கொக்கிப் பக்கம், முன்சரிவைக் கால் நுழையும் அளவுக்குப் பதித்தார், தெற்கே தலை, ஆயுசுக்கு நல்லது, எங்கள் கெட்டித்தனத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம், தகட்டை வளைத்து மூடி, விளிம்பில் நெருக்கி நெருக்கித் திருகாணி பூட்டி, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்கியும் ஆயிற்று, பிறகு ஆரணி வந்தாள், சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், ஏன் எல்லாம் பின்முன்னாகக் கிடக்கு என்று கேட்டாள், விளங்கப்படுத்தினோம், அவள் எங்கள் இரண்டு பேருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்பா, இதுக்குச் சில்லு இருக்கு, என்றாள். வீடு கட்டுவதுபோல் திசை பார்த்துவிட்டோம், உருளும் என்ற நினைப்பு எங்கள் இருவருடைய மண்டைக்கும் வரவில்லை, இவர் குனிந்து சில்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, கூடுதலா வீட்டிலைதானே பிள்ளை நிக்கப் போகுது, என்றார், அவள் சிரித்து முடிய அரைமணி நேரம் சென்றது.

ஏரிக்கரைக்கு வந்தால் சோதினை போலத் தெரு தெற்கில், மரங்களுக்கு நடுவில் ஒதுக்கித் தந்த இடத்தில் வண்டிலைப் பின்பக்கமாகத்தான் விடலாம், விட்டால் கொக்கி தெற்கே, தலை வடக்கே, ஊரோடு ஒத்துச் செய்திருந்தால் இப்போது சரியாக இருந்திருக்கும், இவர் போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வலம் வருகிறார், பக்கத்துக் கூடாரத்துச் சனம் இவர் என்னத்தைத் தொலைத்தார் என்று பார்க்கிறது, மாறிப் படுத்தால் முன்சரிவு நெற்றியில் இடிக்கும், சரி தள்ளுவோம் என்றார், காரிலிருந்து கழற்றி இரண்டு பேருமாகத் தள்ளினோம், பொழுது படமுன்னம் தலை மேற்கே திரும்பிவிட்டது, அதற்கு மேல் பைன் வேர் விடவில்லை, மேற்கு பறவாயில்லை, மத்திமம், என்றார், எனக்குள்ளே ஒரே சந்தோஷம், இனிச் சாட்டுச் சொல்ல ஒரு திசையும் மிச்சமில்லை, மெத்தைக்கு நானே தைத்த உறை, நானே தோய்த்த விரிப்பு, இவர் இந்தப் பக்கக் கதவால் ஏறினார், நான் அந்தப் பக்கக் கதவால் ஏறினேன், தோளோடு தோள் முட்டிக்கொண்டு படுத்தோம், என் தோளுக்குப் பக்கத்தில் இவருடைய தோள் என்ற நினைப்போடு கண் அயர்ந்தேன், கலியாணம் கட்டிய புதிதில்கூட அப்படி நித்திரை கொண்டிருக்கமாட்டேன். விடியக் கை நீட்டினேன், மெத்தை குளிர்ந்து கிடந்தது, கதவைத் திறந்தால் இவர் கதிரையில், தோளில் போர்வை, போர்வையில் பனி, எரிந்து முடிந்த நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, இஞ்சருங்கோ, இனி உங்களுக்கு எந்தத் திசை வேணும், மேலையும் கீழையும்தான் மிச்சம், எண்டைக்காவது ஒருநாள் ஒரு இரவு என்னோடை கிடப்பியளோ மாட்டியளோ, இதுக்குத்தானே இந்த வண்டிலே, ஏரி பாக்கவோ வந்தனான், என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், ஒளித்து வைத்த கள்ளத்தனம் முழுக்க வந்துவிட்டது, சொல்லிவிட்டு அழுதேன், இவர் மெல்லச் சொன்னார், படுக்க விருப்பம் இல்லாமல் இல்லையப்பா, இருட்டினாப் பிந்திப் போச்செண்டு நெஞ்சு அடிக்குது, முன் ஷிப்ட்காரன் மெசினடியிலை நிக்கிறான், நான் போய் மாத்தினால்தான் அவன் வீட்டை போகலாம், அங்கை ஒருத்தரும் இல்லையெண்டு தெரியும், தெரிஞ்சும் ஆரோ எனக்காக நிக்கிற மாதிரிக் கிடக்கு.

நான் சட்டியை வைத்து ரொட்டி சுட்டேன், சம்பலோடு கொடுத்தேன், இவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார், கை கழுவினார், ஒரு கண்ணுக்குச் சரியிறன் என்று வண்டிலில் சாய்ந்தார், எழும்பிவிடப் போகிறவர்போல் கால்களை வெளியே விட்டபடி, உடனேயே குறட்டை, இப்போது ஏரியில் சனம் வள்ளம் வலிக்கிறது, பிள்ளைகள் தண்ணீருக்குள் கத்துகிறார்கள், வெயில் ஏறுகிறது, என் தேத்தண்ணீர் ஆறிப்போய்விட்டது, இந்தப் பாதங்களைப் பார்க்கப் பார்க்க ஒன்று விளங்குகிறது, இவ்வளவு காலமும் இவரை என்னுடைய இரவுக்குள் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன், இவருடைய பகலுக்குள் நான் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை, போக வழியில்லை, வேலை இருந்தது, இப்போது என்ன வேலை இருக்கிறது எனக்கு, கோப்பையைக் கவிழ்த்து வைக்கிறேன், குனிந்து இந்தக் கால்களைத் தூக்குகிறேன், பாரமாக, சூடாக, வெயில் குடித்த கால்கள், உள்ளே எடுத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறேன், மற்றப் பக்கத்தால் சுற்றிப் போய் ஏறுகிறேன், பட்டப்பகலில், ஊர் முழுக்க முழித்திருக்க, வெட்கத்தை விட்டு அந்தக் கதவையும் சாத்துகிறேன், யன்னல் துணியை இழுத்துவிட்டால் உள்ளே மங்கலாகிறது, முன்சரிவுக்குள் இவருடைய இரண்டு பாதங்களுக்குப் பக்கத்தில் என்னுடைய இரண்டையும் நுழைக்கிறேன், இடம் நெருக்கம்தான், என் குளிர்ந்த விரல் பட்டதும் இவர் திடுக்கிட்டு அரைக்கண்ணால் முழிக்கிறார், என்னப்பா, பிந்திப் போச்சோ, என்கிறார், இல்லை, உங்களை மாத்த ஆள் வந்திட்டுது, நீங்கள் படுங்கோ, என்கிறேன், ஆர், என்று கேட்கிறார், கண் மூடியபடி, நான்தான், என்கிறேன், இவர் கொஞ்சம் அரக்கி எனக்கு இடம் விடுகிறார்.