உமித்தீ அடங்கும்வரை

அமாவாசைக் காலையில் கம்பைநல்லூர் அரிசி மில்லின் பாய்லருக்குத் தேங்காய் உடைத்தாகிவிட்டது. ஆளாளுக்கு நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருக்க, வெல்டர் முனாப் மட்டும் அதன் வயிற்றில் தான் போட்ட வெல்டிங் ஒட்டைத் தடவிக்கொண்டு நின்றார்.

நுணலும் தன் வாயால் கெடும். இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்ததே அவர்தான். உலகச் சண்டைக் காலத்தில் புது பாய்லருக்கு எங்கே போவது? விரிசல் விட்ட தகட்டைத் தர்மபுரியிலிருந்து வந்து ஒட்டிக் கொடுத்தவர், வாய்க்கொழுப்பில் ஊரைக் கூட்டி, உள்ளே தண்ணீர் நிரப்பிக் கைப்பம்பால் அழுத்திக் காட்டினார். எண்பது பவுண்டு நீராவிக்கு நூற்றிருபது வரை சோதித்தால் போதும். அவர் நூற்றறுபது ஏற்றினார். முதலாளி ராஜாமணிக்கு அது பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து அமாவாசை தவறாமல் பூசையோடு நூற்றறுபது. இருபத்திரண்டு முறை தாங்கிய பாய்லர் இன்றும் தாங்கியது. ஆனால் அழுத்தத்தை இறக்கிய பிறகும் ஒட்டின் ஓரத்தில் மயிரிழை போல ஓர் ஈரக்கோடு. துடைத்தால் மறுபடி கசிந்தது.

தீ போட வேண்டாம் என்று ராஜாமணியிடம் கெஞ்சினார்.

"இன்னிக்கும் தாங்குச்சே பாய்?"

"தாங்கித் தாங்கியேதாங்க செத்துக்கிட்டிருக்குது. கம்பிய வளச்சு வளச்சு நிமித்துனா என்னாகும்?"

ராஜாமணி சிரித்துவிட்டுப் போனார். தீ போடுகிற சென்றாயன் உமியை வாரிப் போட்டான். பத்து மணிக்கு அழுத்தமானியின் முள் அறுபதைத் தொட்டது. முனாப் சென்றாயன் கையைப் பிடித்து இழுத்தார். என் பொழப்பில் மண்ணைப் போடாதே என்று அவன் இரும்புக் கரண்டியால் முகத்தில் அறைந்தான். மூக்குத்தண்டு உடைந்தது. முனாப் சுத்தியலை எடுத்து அவன் முழங்காலில் போட்டார். எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. அலறியவனை ரோட்டுக்கு அப்பால் புளியமரத்தடி வரை இழுத்துக்கொண்டு போனார்.

மில்லே திரண்டு ஓடிவந்தது. விறகு, செருப்பு, உலக்கை, கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டு அடித்தார்கள். விலா நொறுங்கும்போது முனாப் தலையைத் தூக்கி மில் வாசலைப் பார்த்தார். உள்ளே ஒருவரும் இல்லை. ஆள் நின்று உமி போடாவிட்டால் உமித்தீ அரை மணியில் அடங்கிவிடும்.

அடி ஓய்ந்தது. போதும், யாராவது போய்த் தீயைப் பாருங்கள் என்று ராஜாமணி சொன்னார். அரை மணி இன்னும் ஆகவில்லை. முனாப் வாயில் நிரம்பிய ரத்தத்தைத் துப்பினார்.

"உங்காத்தா எவனுக்குடா உன்னப் பெத்தா?"

திரும்பிய கால்கள் நின்றன. ராஜாமணியே விறகை வாங்கி ஓங்கினார். அவர் கால்களின் இடுக்கு வழியே மில்லின் புகைபோக்கி தெரிந்தது. புகை இன்னும் கறுப்பாகவே வந்துகொண்டிருந்தது.