அவள் நம்பிய பதில்

சுகாதார நிலையத்தில் மருத்துவச்சி ரூத் இரண்டு தாள்களையும் மேஜைமேல் அருகருகே வைத்தார். இடதுபுறம் இருந்தது ஒதிலியாவின் ரத்தப் பரிசோதனை முடிவு, கோடை முடிகிற சமயம் எடுத்தது. வலதுபுறம் இருந்தது அவள் கணவன் செவெரோவுடையது, அன்று காலைதான் காஸ்த்ரோ நகரத்திலிருந்து வந்து சேர்ந்தது. முடிவை மனைவியிடமே சொல்லிவிடலாம், தான் வரப்போவதில்லை என்று ரத்தம் கொடுத்த அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தான் செவெரோ. ஒதிலியா ஈரக் கோட்டைக் கழற்றாமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். மார்க்கெட்டில் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் சேர்வதற்குள் தன் சூப் கடைக்குத் திரும்ப வேண்டும். வலதுபுறத் தாளில் என்ன இருக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. செய்தவனே ஒப்புக்கொண்ட பிறகு பரிசோதனை எதற்கு என்றுதான் அவள் ரூத்திடம் கேட்டிருந்தாள்.

"உன் புருஷனுக்கு இல்ல, ஒதிலியா."

"என்ன இல்ல?"

"ஹெர்பிஸ். அவர் ரத்தத்துல அது இல்ல."

தல்காவே சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்ப்பதும், பெண்களின் உடம்புக்கு வருகிற மற்ற எல்லாவற்றையும் முதலில் பார்ப்பதும் ரூத்தான். ஊரில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். எங்கள் தென்கோடியில் கோடை முடிகிற மார்ச் மாதத்தில் ஒதிலியா நடக்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் காய்ச்சலோடு அவரிடம்தான் வந்தாள். சிறுநீர் கழிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. ரூத் புண்ணிலிருந்து பஞ்சால் தொட்டு எடுத்து அனுப்பினார், ரத்தமும் எடுத்தார். ஹெர்பிஸ், இரண்டாம் வகை என்று பதில் வந்தது. "இது எப்ப வந்தது, யாரால வந்ததுனு நீயா ஒரு கதை கட்டாத. அவருக்கும் பார்த்துட்டு ரெண்டையும் சேர்த்துப் படிப்போம்," என்று ரூத் அன்றே சொன்னார். அந்த வார்த்தைகள் அவள் காதில் ஏறவில்லை. ஏறுகிற நிலைமையில் அவள் இல்லை.

செவெரோ சால்மன் மீன் பண்ணையில் வேலை பார்ப்பவன். இரண்டு வாரம் கடலில் மிதக்கிற கூண்டுகளோடு இருப்பான், ஒரு வாரம் வீட்டில் இருப்பான். எங்கள் தீவில் பாதி ஆண்களின் பிழைப்பு இதுதான். அவர்கள் இறங்குகிற துறைமுகங்களைப் பற்றி வீட்டிலிருக்கும் பெண்களுக்குத் தெரிந்ததும் ஊகித்ததும் நிறைய. அந்த வாரம் அவன் வீட்டில் இருந்தான். ஒதிலியா கேட்டாள். இல்லை என்றான். மறுபடி கேட்டாள். அடுப்பில் விறகு வைக்கும்போது, அவன் மாத்தே தேநீர் குடிக்கும்போது, அவன் கோழிக்குத் தீனி போடும்போதெல்லாம் கேட்டாள். ஒவ்வொரு முறையும் இல்லை என்றவன், ஒரு காலையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "ஆமா. கெயோன் துறைமுகத்துல. ஒரே ஒரு தடவை," என்றான். பேரைச் சொல் என்றாள். கொஞ்சம் யோசித்து, "மார்லென்," என்றான்.

அவனை அவன் தங்கை வீட்டுக்கு அனுப்பினாள். அன்று மதியமே மார்க்கெட்டில், பக்கத்துக் கடையில் நிற்கும் அந்தத் தங்கை மிரெயாவிடம், பத்துக் கடைக்கும் கேட்கிற குரலில், "உங்கண்ணன் எனக்கு என்ன கொண்டு வந்திருக்கான் தெரியுமா?" என்று ஆரம்பித்துச் சொல்லி முடித்தாள். அதன் பிறகு செவெரோ கடலிலிருந்து வரும்போதெல்லாம் அவளுக்கு விறகு பிளந்து, கொட்டகையில் அடுக்கிவிட்டு, கதவைத் தட்டாமல் போனான். தப்புச் செய்தவன் செய்கிறான் என்று அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் ரூத்தின் விரல் காட்டுகிற இடத்தைப் பார்த்தாள்.

"உடம்பு இந்தக் கிருமியை எதிர்த்து ரத்தத்துல ஒரு அடையாளம் விடும். அது உண்டாக வாரக்கணக்கு ஆகும், சில பேருக்கு மாசக்கணக்கு. உனக்குப் புண் வந்த உடனே நாம ரத்தம் எடுத்தோம். அப்பவே உன் ரத்தத்துல அந்த அடையாளம் நல்லா இருக்கு. புதுசா ஒட்டினதா இருந்தா அதுக்குள்ள வந்திருக்காது."

"அப்ப பழசா?"

"பழசு."

"எவ்வளவு பழசு?"

"அது தெரியாது. ரெண்டு வருஷமா இருக்கலாம், பதினஞ்சு வருஷமா இருக்கலாம். நிறையப் பேருக்கு இது இருக்கறதே தெரியாமப் போயிடும். உனக்கு இந்தக் கோடையில சளிக் காய்ச்சல் வந்து, படுக்காம அடுப்பு முன்னாடி நின்னியே, உடம்பு அசந்த நேரம் பார்த்து மேல வந்திருக்கும்."

"ஆறு வருஷமா ஒரே கட்டில்ல படுக்கறோம். அவனுக்கு ஒட்டலியா?"

"ஒட்டாமலும் இருக்கும். அதுவும் நடக்கறதுதான்."

"டெஸ்ட் தப்பா இருந்தா?"

"இருக்கலாம். அதனாலதான் நாலு மாசம் பொறுத்து அவரை வரச் சொன்னேன். சந்தேகம் இருந்தா இன்னொரு தடவை எடுப்போம். ஆனா ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா எனக்குத் தெரியறது இதுதான், ஒதிலியா. இது அவர்கிட்டேருந்து உனக்கு வரல."

ஒதிலியா வாழ்க்கையில் செவெரோவுக்கு முன்னால் இருந்தது ஒரே ஒருவன், முதல் கணவன் பாஸ்குவால். பிரிந்து தெற்கே புந்தா அரேனாஸ் நகரத்துக்குப் போய், அங்கே வேறொருத்தியோடு இருக்கிறான். அவன்மேல் கோபம் வருகிறதா என்று பார்த்தாள். வரத்தான் பார்த்தது. அதை அங்கேயே நிறுத்தினாள். ஒரு தாளை அரைகுறையாகப் படித்து ஒருவனைக் குற்றவாளி ஆக்கியது போதும். அவனுக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். ரூத் பேசிக்கொண்டே போனார்: தினமும் ஒரு மாத்திரை எடுத்தால் மற்றவருக்கு ஒட்டுவது குறையும், உறை போட்டால் இன்னும் குறையும், புண் வரும்போலக் குறுகுறுத்தாலே விலகி இருக்க வேண்டும், இதோடு எத்தனையோ தம்பதிகள் நன்றாக வாழ்கிறார்கள். ஒதிலியா தலையாட்டினாள். ஆனால் அவள் மனம் வேறு ஒன்றில் மாட்டிக்கொண்டிருந்தது. அவன் எதற்கு ஆமா என்றான்?

மழை சாய்ந்து அடித்தது. மார்க்கெட்டின் சமையல் கூடத்துக்குள் நுழைந்தபோது கண்ணாடிகளில் ஆவி படிந்து, வெளியே தீவுகளுக்கு நடுவிலான கடல் கால்வாய் தெரியவில்லை. மிரெயா, துருவிப் பிழிந்த உருளைக்கிழங்கு மாவைத் தட்டி எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். மில்காவ் பொரிகிற வாசனை கூடம் முழுக்க இருந்தது. ஒதிலியாவின் கடையில், அவள் உதவிக்கு வைத்திருந்த பெண் ஊற்றிக் கொடுத்த சூப்பை வெளியூர்க்காரர் ஒருவர் குடித்துக்கொண்டிருந்தார். இன்று சாயங்காலம் மிரெயாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம், அதுவும் சொன்னதாகத்தான் ஆகும் என்று வழியெல்லாம் தோன்றிக்கொண்டே வந்தது. வாசலைத் தாண்டியதும் அந்த யோசனையை விட்டுவிட்டாள். அன்று தனியாகவா சொன்னாள்?

"மிரெயா, எண்ணெய்ச் சட்டியை இறக்கு. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு அண்ணி, காது சும்மாத்தான இருக்கு."

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லப் போறேன். எனக்கு வந்த வியாதி உங்கண்ணன் குடுத்தது இல்ல. அவனுக்கு அது இல்லவே இல்ல. என்கிட்ட இருந்திருக்கு, அவனைப் பார்க்கறதுக்கு முன்னாடியே இருந்திருக்கு. நான்தான் தப்பாப் பேசிட்டேன்."

கரண்டிச் சத்தங்கள் நின்றன. வெளியூர்க்காரர் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, கிண்ணத்தை ஒரு விரலால் தள்ளினார். இது நடக்கும் என்று ஒதிலியாவுக்குத் தெரியும். புருஷனைப் பற்றிச் சொன்ன அன்று அவள் ஊர் கண்ணில் பாவப்பட்டவள், இரக்கப்பட்டு எல்லாரும் வாங்கியதில் சூப்புச் சட்டி காலியானது. "இது சாப்பாட்டுல ஒட்டாதுங்க," என்றாள் அவரைப் பார்த்து. "வேணாம்னா விட்டுடுங்க, காசு வேணாம்." அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூலைக் கடை தோலோரிந்தாதான் முதலில் வாய் திறந்தாள். அந்தக் கூடத்திலேயே மூத்தவள், எதற்கும் அடங்காதவள். "அப்ப நாங்க நாலு மாசமா அந்தப் பயலுக்குச் சூப்புல சிப்பியைக் குறைச்சுப் போட்டோமே, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். மிரெயா சிரிக்கவில்லை. "எங்கம்மா அவனை ஞாயித்துக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடறதையே நிறுத்திட்டா. தெரியுமா உனக்கு? என் வீட்டுச் சமையலறையில பெஞ்சுல படுத்துக்கிட்டு, ஒரு வார்த்தை பேசாமக் கெடந்தான்."

"தெரியும். சாயங்காலம் அம்மாகிட்ட நானே வந்து சொல்றேன்."

"அம்மாகிட்ட இப்படிக் கத்திச் சொல்லாத."

"கத்தித்தான் சொல்லணும். அவங்களுக்கு ஒரு காது கேக்காது."

மிரெயாவின் உதடு சிரிக்கப் பார்த்து அடங்கியது. மாவு ஒட்டின கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்தாள். "போ. கீழ கரையில இருக்கான். என் வீட்டுக்காரர் படகைச் சுரண்டிக்கிட்டு."

கடல் வற்றியிருந்த நேரம். மஞ்சள் படகு சரளைக்கற்கள்மேல் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மேலே கட்டியிருந்த தார்ப்பாயிலிருந்து மழை வடிந்துகொண்டிருக்க, செவெரோ அடிப்பக்கத்தில் ஒட்டிய சிப்பிகளைத் தகடால் சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் செருப்புச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"ரூத் காட்டினாங்க," என்றாள்.

"ம்."

"உனக்கு இல்ல."

"தெரியும்."

"அப்ப யாரு அந்த மார்லென்?"

தகடு நின்றது. "எங்க பண்ணையில தீனி ஏத்திக்கிட்டு வர்ற படகு."

"படகா?"

"நீ பேரைக் கேட்ட. சட்டுனு வேற எதுவும் வாயில வரல."

நான்கு மாதமாக அவள் மனதில் சபித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு முகம் இருந்தது. சாயம் போட்ட முடியும் குட்டை விரல்களும் இருந்தன. துருப்பிடித்த ஒரு படகின் பெயருக்கு அத்தனையையும் அவளே மாட்டியிருக்கிறாள். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"ஏன் ஆமானு சொன்ன, செவெரோ?"

அவன் இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான். தாடியில் சிப்பித்தூள் ஒட்டியிருந்தது. "நான் எங்கயும் போகலங்கறது எனக்குத் தெரியும். அப்ப இது எப்படி வரும்? நான் கடல்ல இருக்கறப்ப நீ யாரோடயோனு நினைச்சேன். அதைக் கேட்டா, நீ பொய் சொல்றவ இல்ல, சொல்லிடுவ. சொல்லிட்டா அப்புறம் நான் போகணும். நான்தான்னு ஒத்துக்கிட்டா, திட்டுவ, துரத்துவ, ஒருநாள் அது ஆறிடும். அந்தப் பேச்சு அதோட முடிஞ்சிடும்."

ஒதிலியா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விறகு அடுக்கிவிட்டுக் கதவைத் தட்டாமல் போன ஒவ்வொரு முறையும் இவன் மனதில் அவளுக்குப் பக்கத்தில் இன்னொருவன் இருந்திருக்கிறான். அதோடுதான் விறகு பிளந்திருக்கிறான். கோபம் வந்தது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாததால் அங்கேயே நின்றாள்.

"யாரும் இல்ல," என்றாள். "இது உனக்கு முன்னாடியே எனக்குள்ள இருந்தது. பாஸ்குவால் காலத்துது. எனக்கே தெரியாது. ரூத் சொன்னதை அப்படியே சொல்றேன், கேளு." சொன்னாள். அவன் இடையில் ஒரு கேள்வி கேட்டான், பதில் தெரியாததைத் தெரியாது என்றாள்.

முடித்தபோது அவன் தகட்டைக் கற்கள்மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான். "எனக்கு வலிச்சது நீ ஊர் கேக்கச் சொன்னது கூட இல்ல, கிழவி," என்றான், அவளைச் செல்லமாகக் கூப்பிடும் பெயரால். "இல்ல இல்லனு அத்தனை தடவை சொன்னேன். ஒண்ணைக்கூட நீ நம்பல. ஒரே ஒரு ஆமா சொன்னேன். அதை அந்த நிமிஷமே நம்பிட்ட."

"ஆமா, அப்படித்தான் பண்ணினேன்," என்றாள். "இப்ப மார்க்கெட்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு வந்திருக்கேன். சாயங்காலம் உங்கம்மா வீட்டுக்குப் போறேன். நாளையிலேருந்து மாத்திரை. உனக்கு ஒட்டாம இருக்க என்னென்ன பண்ணணுமோ பண்ணுவேன். ஆனாலும் ஒட்டவே ஒட்டாதுனு யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க. நீ ஒரு தடவை ரூத்கிட்ட வந்து உன் காதால கேளு. அப்புறம் வீட்டுக்கு வா, வராமப் போ. தெரிஞ்சு முடிவு பண்ணு. எனக்காகப் பொய் மட்டும் சொல்லாத."

"நீ?"

"நான் என்ன?"

"அவ்வளவுதானா உன் வேலை?"

"இல்ல. இன்னொண்ணு இருக்கு." கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்தாள். வரும் வழியிலேயே பாஸ்குவாலின் அக்காவிடம் அவன் எண்ணை வாங்கியிருந்தாள். "அவன்கூட ஒருத்தி இருக்கா. அவளுக்குத் தெரியணும் இல்லையா. திட்ட இல்ல. இப்படி ஒண்ணு இருக்கு, போய்ப் பார்த்துக்கோங்கனு சொல்ல."

"இப்பவேயா? மழையிலயா?"

"இப்ப விட்டா அப்புறம் மாட்டேன்."

எண்ணை அழுத்தினாள். மழை முகத்தில் அடித்து, போனின் கண்ணாடியில் துளிகள் ஓடின. காதில் வைத்தால் மழைச் சத்தம்தான் கேட்டது. மறு காதைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள். செவெரோ எழுந்து, படகின் பக்கவாட்டில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, தார்ப்பாயின் ஒரு முனையைக் கையால் உயர்த்திப் பிடித்தான். தேங்கியிருந்த தண்ணீர் முழுதும் அவன் சட்டைக் கைக்குள்ளேயே கொட்டியது. அவள் குனிந்து அதன் அடியில் போய் நின்றாள். அங்கே மழை கொஞ்சம் தூரமாயிற்று. தெற்கே, தீவுகளுக்கெல்லாம் அப்பால், பாஸ்குவாலின் போன் மணி அடித்துக்கொண்டிருந்தது.