சர்ஃபராஸின் உள்ளங்கை

பாலக்கரையில் லூர்துராணி நடத்தும் குழந்தைகள் காப்பகத்தில் பதினொரு பிள்ளைகள். அன்று பழம் கொடுப்பதற்கு முன் ஒவ்வொருவருக்கும் கை கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். இரண்டரை வயது சர்ஃபராஸ் மட்டும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். மெல்லப் பிடித்து விரித்துப் பார்த்தார். உள்ளங்கையில் சிவந்த கொப்புளங்கள். பாதத்திலும் இருந்தன. நெற்றி சுட்டது.

அவனைத் தனி அறையில் படுக்கவைத்துவிட்டு, துணிக்கடையில் வேலை பார்க்கும் அவன் அம்மா ஜஹானாராவுக்குப் போன் செய்தார். அரை மணி நேரத்தில் அவள் வந்தாள். மகனின் கையைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

"நேத்தே காய்ச்சல் இருந்துச்சுக்கா. காலையில மருந்து கொடுத்துத்தான் கூட்டிட்டு வந்தேன். இன்னொரு நாள் லீவு கேட்டா வேலை போயிடும்னு பயம். அதான் உங்ககிட்ட சொல்லல."

லூர்துராணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மற்றப் பத்துப் பிள்ளைகளும் காலையிலிருந்து அவனோடுதான் விளையாடியிருக்கிறார்கள். ஆனால் அந்த அழுகையைப் பார்த்த பிறகு திட்ட வாய் வரவில்லை.

"அத அப்புறம் பேசிக்கலாம்மா. முதல்ல டாக்டர்கிட்ட காட்டு. என்னன்னு தெரிஞ்சதும் சொல்லு."

மதியம் ஜஹானாராவே கூப்பிட்டாள். "அம்மை இல்லையாம்க்கா. கை, கால், வாய்ல புண்ணு வர்ற வைரஸ் காய்ச்சலாம். ஒரு வாரம், பத்து நாள்ல தானா சரியாயிடுமாம். தண்ணி மட்டும் நெறைய குடிக்க வைக்கச் சொன்னாங்க."

லூர்துராணி பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில், பெயர் சொல்லாமல் விஷயத்தை எழுதினார். காய்ச்சலோ கொப்புளமோ இருந்தால் பிள்ளையை அனுப்ப வேண்டாம், காப்பகம் ஒரு வாரம் மூடியிருக்கும் என்றும் சேர்த்தார். உடனே ஸ்ரீரங்கத்திலிருந்து, காப்பகத்தில் மகளை விடும் ரெங்கராஜ் போன் செய்தார்.

"யார் வீட்டுப் பிள்ளைன்னு சொல்லுங்க டீச்சர்."

"அது வேணாம் சார். நீங்க உங்க பொண்ணக் கவனிச்சுக்குங்க."

"அப்ப இனிமே அங்க அனுப்பறதப் பத்தி யோசிக்கணும்" என்று வைத்துவிட்டார்.

லூர்துராணியும் ஆயா மாரியாயியும் பொம்மைகளையெல்லாம் சோப்பு நீரில் கழுவி, பிளீச்சிங் கரைசலால் தரையைத் துடைத்தார்கள். எத்தனை பேர் திரும்பி வருவார்களோ என்ற கவலை லூர்துராணியை விடவில்லை.

மாலையில் குழுவில் ஜஹானாரா எழுதியிருந்தாள்: "அது என் பையன்தான். காய்ச்சலோட அனுப்பினது என் தப்பு. எல்லாரும் மன்னிச்சுக்குங்க."

யார் என்ன சொல்வார்களோ என்று லூர்துராணி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பதில் ரெங்கராஜிடமிருந்து வந்தது.

"என் பொண்ணு ரெண்டு நாளா சோறு வேணாம்னா. அடம்னு நினைச்சோம். டீச்சர் போட்ட மெசேஜுக்கு அப்புறம் வாயத் திறந்து பார்த்தா புண்ணு. யார்கிட்டேருந்து யாருக்கு வந்துச்சோ, தெரியல. தம்பி எப்படி இருக்கான்மா?"

லூர்துராணி அதை இரண்டு முறை படித்தார்.

அதன்பின் இன்னும் ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் வந்தது. டாக்டர் சீட்டைப் பார்த்து ஜஹானாராவுக்குக் கடையிலும் லீவு கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் காலை அவள் போன் செய்தாள்.

"தயிர்சாதம் கேட்டு வாங்கித் தின்னான்கா. ரெண்டு கிண்ணம்."

"இன்னொரு கிண்ணம் கேட்டாலும் குடும்மா" என்றார் லூர்துராணி. அவருக்கும் அப்போதுதான் பசித்தது.