மெல்லப்பன் காத்திருப்பான்

எழிலுக்கு நாலு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. காதில் கோளாறு இல்லை என்று விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். 'அம்மா', 'தா', 'வேணாம்' என்பதற்கு மேல் அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து ஒன்றையும் பிடுங்க முடியாது. அவள் ஒரு பேச்சு முழுசாகப் பேசிவிட்டால் வெள்ளியில் நாக்கு செய்து போடுவதாக, அம்மாக்காரி மாடத்தி இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாள்.

ஆனால் மெல்லப்பனிடம் மட்டும் எழில் வாயைத் திறப்பாள்.

மெல்லப்பன் ஒரு துணி ஆமை. தினமும் காலையில் டிவியில் வருவான். மேசைக்கு அடியில் ஒருவர் உட்கார்ந்து அவன் தலைக்குள் கையை விட்டிருப்பார். நாலு விரலும் மேல் தாடை, கட்டைவிரல் கீழ்த் தாடை. பித்தான் கண் இரண்டையும் நேராக வைக்காமல் மூக்குப் பக்கம் ஒரு நூல் தள்ளித் தைத்திருப்பார்கள். அதனால்தான் எந்த மூலையில் உட்கார்ந்து பார்த்தாலும் அவன் நம்மையே பார்ப்பது மாதிரி இருக்கும். இதெல்லாம் எந்தப் பொம்மைக்கும் செய்கிற வேலைதான். மெல்லப்பனின் சூட்சுமம் வேறு. "இது என்ன பழம்?" என்று கேட்டுவிட்டு அவன் கழுத்தை லேசாக ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வான். பாட்டு கிடையாது, மேளம் கிடையாது. சும்மா இருப்பான். சும்மா இருப்பதுதான் பெரிய வேலை, கை அசையாமல் நின்றால் துணி செத்துப்போகும். உள்ளே இருக்கும் கை மூச்சு விடுகிற அளவுக்கு மட்டும் ஏறி இறங்கும். பதில் வரும் என்ற நம்பிக்கையோடு ஓர் உயிர் காத்திருப்பதாகவே பிள்ளைக்குத் தோன்றும். அப்புறம், "அப்படியா!" என்று தலையாட்டுவான்.

எழிலுக்காக அதுவரை யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை. அங்கன்வாடி டீச்சர் கேட்ட மூச்சிலேயே அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார். மாடத்தியோ, "என்னட்டி, பசிக்கா? தண்ணியா? இந்தா" என்று கேள்வியையும் பதிலையும் தானே சொல்லி முடித்துவிடுவாள். அவளுக்குக் கைவேலை நிற்கக் கூடாது.

கைவேலை என்றால் சரம் பின்னுவது. நடுவில் நீளமாக ஒரு திரி. அதன் இரு பக்கமும் குட்டி வெடிகளின் திரியைச் சேர்த்து, ஜடை போடுவதுபோல நூலால் இறுக்கிக்கொண்டே போகவேண்டும். ஏஜென்ட் சங்கிலிமுத்து காலையில் மூட்டையை இறக்கிவிட்டு, பின்னியதைச் சாயங்காலம் எடுத்துப் போவார். வீட்டில் வைத்துச் செய்யக் கூடாத வேலை அது. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து புழங்கும் அறை ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஓடித் தப்பிக்க வாசல்களோடு இருக்கும். மாடத்தியின் வீட்டுக்கு இருப்பது ஒரே வாசல், அதையொட்டி அடுப்பு. அவளுக்கு இது தெரியாமல் இல்லை. கம்பெனிக்குப் போனால் பிள்ளையை யாரிடம் விடுவது? புருஷன் நாகையா சீசனில் லாரி லோடோடு வடக்கே போய்விடுவான்.

ஜீப் தெருவுக்குள் வந்தபோது டிவியில் மெல்லப்பன் ஓடிக்கொண்டிருந்தான். எதிர்வீட்டுப் பேச்சியம்மா வெளியே நின்று, "மதினி, கோழி வந்துருக்கு!" என்று கத்தினாள். ரெய்டுக்கு அந்தத் தெருவில் அதுதான் பேர். மாடத்தி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

வந்த அதிகாரி பானுப்பிரியா சின்ன வயசுக்காரி. கூட வந்தவர்கள் கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள், பரணில் பார்த்தார்கள், அரிசிப் பானைக்குள்கூடக் கைவிட்டுத் துழாவினார்கள்.

"எங்கிட்ட என்னங்க இருக்கப்போவுது? நீங்களே பாக்கீகல்ல" என்றாள் மாடத்தி.

ஒருவர் எழிலிடம் குனிந்து, "ஏ பாப்பா, வெடி எங்க இருக்கு? சொல்லு, சொல்லு" என்றார். எழில் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எழிலுக்குப் பேச்சு வராதுங்க" என்றாள் மாடத்தி.

கிளம்பப் போன பானுப்பிரியாவின் கண்ணில் டிவி பட்டது. "அட, மெல்லப்பன்! எங்க வீட்லயும் இதேதான்" என்றபடி எழிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டாள். குரலைத் தணித்து, இழுத்து, "எழில் குட்டி... உங்க அம்மா... சரத்தை எங்க வச்சிருக்காங்க?" என்றாள்.

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள்.

வாசலில் நின்ற போலீஸ்காரர் எதையோ சொல்ல வர, பானுப்பிரியா கையைக் காட்டி நிறுத்தினாள். மாடத்தி இருமிப் பார்த்தாள். எழில் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்னால தொட்டிக்குள்ள சரம் இருக்கு" என்றாள் எழில். "அம்மா சாக்குப் போட்டு மூடிருச்சு. சங்கிலி மாமா வந்து தூக்கிட்டுப் போவாரு."

"அப்படியா!" என்று தலையாட்டினாள் பானுப்பிரியா.

தன் மகள் கோத்துப் பேசியதை மாடத்தி முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான். குரல் நாகையாவின் குரல் மாதிரியே இருந்தது.

வழக்கு மாடத்தி பேரில் பதிவானது. சங்கிலி மாமா யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. ஜீப்பில் ஏறும்போது பானுப்பிரியா, "தீப்பொறி பட்டிருந்தா பிள்ளையும் சேர்ந்துல்ல போயிருக்கும்?" என்றாள். அது நியாயம் என்பதுதான் மாடத்திக்குத் தாங்கவில்லை.

ஜாமீனில் திரும்பி வருவதற்குள், சங்கிலிமுத்து அந்தத் தெருவுக்கே இனி மூட்டை கிடையாது என்று சொல்லிவிட்டிருந்தார். பெண்கள் குழாயடியில் காத்திருந்தார்கள்.

"பிள்ளைக்கு வாயே வரலன்னு கோயில் கோயிலா அலைஞ்சியே மதினி" என்றாள் பேச்சியம்மா. "வந்துருச்சுல்ல? ஆத்தாளுக்கு நாக்கு எப்பப் போடப்போற? நாங்களும் வாரோம், எங்களுக்குத்தான் இப்ப சோலி இல்லியே."

மாடத்தி வீட்டுக்குள் வந்தாள். டிவி முன்னால் இருந்த எழில் எழுந்து சிரித்தாள். மாடத்தி ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"யாரக் கேட்டுச் சொன்ன? ஏட்டி, யாரக் கேட்டுச் சொன்ன?"

எழில் அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, கேட்டது என்னவென்று யோசிப்பவள்போல அம்மாவைப் பார்த்தாள். பதிலுக்கு மாடத்தி நிற்கவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனாள். வரிசையில் பின்னால் பேச்சியம்மாவும் அவள் பேரனும் நின்றார்கள். ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஒம் பேரு என்ன தாயி?" என்று கேட்டு, நிதானமாக இருந்தார்.

எழில் வாயைத் திறந்தாள். சட்டென்று மூடிக்கொண்டாள். அம்மாவின் சேலையை இழுத்துக் குனியவைத்து, காதில் கேட்டாள்:

"அம்மா, இதச் சொல்லலாமா?"

ரகசியம் பேசப் பழகாத பிள்ளை. அறை முழுவதும் கேட்டது. பேச்சியம்மாதான் முதலில் சிரித்தாள்.

"இதச் சொல்லலாம்" என்றாள் மாடத்தி.