மகாராணி ஃபோல்டர்

1

இந்தக் கதை பிறந்ததற்கு எந்த உள்ளொளியும் காரணமில்லை. உதவி மையத்தில் “கொஞ்சம் காத்திருங்க மேடம்” என்றார்கள். எவ்வளவு நேரம், எவ்வளவு நாள் என்று சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு எழுதலாமே என்று தோன்றியது. அவ்வளவுதான்.

முதல் வரி இப்படி வந்தது: ‘வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கணவனை இழந்த அவள் திரையை வெறித்தபடி—’

(அடித்துவிட்டேன். மழையும் இல்லை, வெறிக்கவும் இல்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.)

2

அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அங்கே லிஃப்ட் போடும் சத்தத்தைப் போனில் பதிவு செய்துகொள்வார். தொடக்கத்தில் அவர் குரலில் ஒரு வரி: “மூணாவது மாடி. கதவு தேயுது.” பிறகு ஒரு நிமிஷம் வெறும் கிரீச். இப்படி அறுநூறு பதிவுகளை இணையத்தில் ஒரு சேமிப்புத் தளத்தில் போட்டுவைத்திருந்தார். அவர் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. வேறெங்கும் அவர் குரல் இல்லை. கல்யாண வீடியோவிலும் தலையாட்டுவதோடு சரி.

ஓராண்டு யாரும் உள்ளே வராவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிடுவோம் என்று அந்தத் தளம் மிகுந்த அன்போடு தெரிவித்திருந்தது. அவர் கடைசியாக உள்ளே போன நாளிலிருந்து எண்ணினால் இன்னும் ஆறு நாள்.

கல்யாண நாள், வண்டி எண், மாமியார் பெயர் என்று போட்டுப் பார்த்தாள். மூன்றும் தவறு. ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ என்று தளம் கேட்டது. மறக்கவில்லை, தெரியவே தெரியாது என்று சொல்ல அங்கே பொத்தான் இல்லை. இருந்த பொத்தானை அழுத்தினாள். ‘உங்கள் மெயிலுக்கு லிங்க் அனுப்பியிருக்கிறோம்’ என்றது. அவருடைய மெயில் வீட்டுக் கணினியில் எப்போதும் திறந்தேதான் கிடக்கும். பார்த்தாள். வரவில்லை. மூன்று வாரத்தில் ஒன்பது தடவை அழுத்தியும் வரவில்லை.

3

“ஸ்பேம்ல பாத்தீங்களா மேடம்?”

“பாத்தேன்.” (அங்கே யார் யாரோ முடி வளர்த்துத் தருவதாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவர் முழு வழுக்கை.)

“ஐடி சரியாப் போட்டீங்களா?”

“போட்டேன்.”

“அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கோ, அவரையே ஒரு தடவை பேசச் சொல்றீங்களா?”

“அவர் பேசறதைக் கேக்கத்தாம்மா இந்தப் பாடு.”

பிறகுதான் அந்த “கொஞ்சம் காத்திருங்க.”

(இந்தப் பெண்ணை வில்லியாக்கலாம் என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். எதிரே ஒட்டியிருக்கும் தாளைப் படிக்கிறவளை எப்படி வில்லியாக்குவது? வில்லி வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.)

4

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். தோள்பையைக்கூட இறக்காமல் கணினியின் முன் உட்கார்ந்தாள்.

“அண்ணி, இதுல ஃபில்டர் போட்டிருக்கு.”

“தண்ணிக்குப் போடுவாங்களே, அதுவா?”

“மெயிலுக்கு. தலைப்புல பாஸ்வேர்டுன்னு இருந்தா இன்பாக்ஸுக்கு வராது. நேரா ஒரு ஃபோல்டருக்குப் போயிடும். அண்ணன் வேலைதான்.”

“என்ன ஃபோல்டர்?”

நாத்தனார் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரையைத் திருப்பினாள். ‘மகாராணி’ என்று இருந்தது.

உள்ளே இருநூற்று முப்பத்தோரு மெயில்கள். மேலே இருந்த ஒன்பதும் இப்போது வந்தவை. ஒவ்வொன்றிலும் லிங்க் ஒரு மணி நேரம் உயிரோடிருந்து செத்திருந்தது. மீதி அத்தனையும் மகாராணியுடையவை. “வீட்டுக்கு ஒரு மெயில் போதாதா?” என்று தன் கணக்குகளையெல்லாம் அவர் மெயிலிலேயே திறந்தவள் அவள். வாரம் தவறாமல் பாஸ்வேர்டை மறப்பாள். சமையலறையிலிருந்து “மெயில் வந்துச்சா?” என்று குரல் கொடுப்பாள். “வந்துடுச்சு, வா” என்பார். எங்கே வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. லிஃப்ட் நின்றுபோனவர்களின் புகார்கள் என்னுடைய (திருத்தம்: அவளுடைய) மறதிக்கு அடியில் புதைந்துவிடக் கூடாது என்று அவர் செய்த ஏற்பாடு இது.

மாற்றி மாற்றி அவள் வைத்த பாஸ்வேர்டும் ஒன்றே ஒன்றுதான். ‘மறந்துட்டேன்’, கூடவே வீட்டு எண் பதினாலு. தளங்கள் அதைச் சிவப்பில் ‘பலவீனம்’ என்று காட்டும்.

“திருடனே பாவம் பாத்து அடுத்த வீட்டுக்குப் போயிடுவான்” என்பார் அவர்.

5

முதல் முடிவு: பத்தாவது லிங்க்கைக் கேட்டு வாங்குகிறாள். கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடுகிறது. (நடக்கக்கூடியது. ஆனால் இன்னும் சில நாள் மிச்சமிருக்கிறது, பதினோராவதைக் கேட்பாள்.)

இரண்டாவது: லிங்க் திறக்கிறது. புதிய பாஸ்வேர்டு கேட்கிறது. வேறொன்றும் தோன்றாமல் தன் பழைய பலவீனத்தையே அடிக்கிறாள். தளம் மறுக்கிறது: ‘இது உங்களுடைய இப்போதைய பாஸ்வேர்டு. வேறொன்றைத் தேர்ந்தெடுக்கவும்.’ ஆக, இத்தனை வருஷம் என்னைக் கேலி செய்துகொண்டே அவரும்—

(இது கதைக்கு ரொம்பப் பொருந்துகிறது. அதனால்தான் எனக்கு நம்பிக்கை வரவில்லை. உங்களுக்கு வந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.)

மூன்றாவது முடிவை நான் எழுதப்போவதில்லை. பத்தாவது மெயில் நாலு இருபதுக்கு மகாராணிக்குள் விழுந்தது. இந்தக் கடைசிப் பகுதியை அதன் பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். இப்போது மணி ஐந்து. கண்ணாடி மூக்கின் மேலேயே இருக்கிறது. இன்னும் இருபது நிமிஷம். அவள் என்ன அடிப்பாள் என்பதை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

சமையலறையிலிருந்து யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

வந்துடுச்சு, வா.