கடைசி வரியில் ஒரு புள்ளி

எங்கள் முதலாளிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. பிழை எந்த வரியில் என்று அது சொல்கிறதோ, அந்த வரியை எழுதியவனை அடிக்க மட்டும் தெரியும். எங்கள் புரோகிராம்கள் கோபாலில் எழுதியவை என்று முதன்முதலில் கேள்விப்பட்டபோது, "அந்தக் கோபாலை வரச் சொல்லு, நாலு சாத்து சாத்தறேன்" என்றார். அது ஒரு பழைய கம்ப்யூட்டர் மொழியின் பெயர் என்று விளக்கிச் சொன்னோம். கோபாலுக்கு விழ வேண்டிய அடி என் தம்பிக்கு விழத் தொடங்கியது.

சரக்கு லாரிக் கம்பெனி. எந்த வண்டியில் எந்தச் சரக்கு என்று தினமும் சீட்டு அடிக்கும் புரோகிராம் தம்பியுடையது, மாதக் கணக்கு என்னுடையது. வண்டிகளின் விவரம் மட்டும் ஒரு பொது ஃபைலில் இருந்தது. கம்பைல் செய்யும்போது, அதாவது எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும்போது, புரோகிராம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த ஃபைல் முதலாளியின் மாப்பிள்ளை பொறுப்பில். மாமனார் வீட்டில் சாப்பாடு, மாமனார் கம்பெனியில் நாற்காலி. மனுஷனுக்கு வேறென்ன குறை?

புது வண்டி வாங்கினால் மாப்பிள்ளை ஃபைலில் சில வரிகள் சேர்ப்பார். மறுநாள் தம்பியின் புரோகிராம் கம்பைல் ஆகாது. பக்கம் பக்கமாகப் பிழைகள், அதில் முதலாவது தம்பியின் வரியில். தாள் மாடிக்குப் போகும், முதலாளி கீழே இறங்கி வருவார். முதல் தடவை அறைந்த அறையில் தம்பியின் காதுச் சவ்வு கிழிந்தது. அடுத்த தடவை தலைமுடியைப் பிடித்துப் பிரிண்டர் விளிம்பில் மோதினார். தாளில் மையைவிட ரத்தம்தான் அதிகம். மத்தியானம் மறுபடி கம்பைல் செய்தால் ஒரு பிழையும் இருக்காது. தம்பி எதையும் தொட்டிருக்க மாட்டான். எங்களுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

விட்டுத் தொலைய வேண்டியதுதானே என்பீர்கள். இந்தக் கிழட்டு மொழி தெரிந்தவர்களுக்கு யார் வெற்றிலை பாக்கு வைத்து வேலை கொடுக்கிறார்கள்?

"இன்னொரு தடவை கை நீட்டினா கொன்னுடுவேன்க்கா" என்றான் தம்பி. சும்மா சொல்கிறவன் இல்லை. அவன் பெண்டாட்டிக்கு நிறைமாதம். பெற்றவர்கள் போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். என்ன ஆனாலும் அவன் ஜெயிலுக்குப் போகக் கூடாது. அடித்தால் என்னைக் கூப்பிடு, கையை மட்டும் ஓங்காதே என்று சத்தியம் வாங்கியிருந்தேன்.

அன்றும் புது வண்டி வந்த மறுநாள். வழக்கம்போலப் பிழைகள். வெளியே சீட்டுக்குக் காத்திருந்த டிரைவர்கள் ஹாரனை விடாமல் அடித்தார்கள். மாப்பிள்ளை பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தார். தம்பி தன் வரியையே முறைத்துக்கொண்டிருந்தான். அதை விடு, அதற்கு மேலே என்ன இருக்கிறது பார் என்றேன். மேலே இருந்தது பொது ஃபைலை இழுக்கும் வரி.

ஃபைலைத் திறந்தேன். இந்த மொழியில் ஒவ்வொரு விவரமும் புள்ளியோடு முடிய வேண்டும். மாப்பிள்ளை சேர்த்த கடைசி வரியில் புள்ளி இல்லை. அது முடியாமல் தம்பியின் வரியோடு ஒட்டிக்கொள்ள, கம்பைலர் அங்கே வந்துதான் முட்டிக்கொண்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஒவ்வொரு தடவையும் தம்பிக்கு அடி விழுந்த பிறகு மாப்பிள்ளை நைசாகப் புள்ளியை வைத்துவிட்டு நழுவியிருக்கிறார்.

முதலாளி தாளைச் சுருட்டிப் பிடித்தபடி வந்தார். அவர் பின்னாலேயே வாயில் பஞ்சோடு மாப்பிள்ளை. தம்பி எழுந்தான், முஷ்டி இறுகியிருந்தது. நான் நடுவில் புகுந்து திரையைக் காட்டி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவர்கள் கண்ணெதிரே புள்ளியை வைத்துக் கம்பைல் செய்தேன். ஒரு பிழையும் இல்லை. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

முதலாளி அவர் தோளைத் தட்டினார். "பாத்து செய்யுங்க மாப்பிள்ளை. பல்லு வலி எப்படி இருக்கு?"

மாமியார் உடைத்தால் மண்குடம்! தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் முஷ்டி தளர்ந்திருந்தது. தப்பு தன்னுடையது இல்லை என்று தெரிந்ததே அவனுக்குப் போதும். எனக்குப் போதவில்லை.

அந்தக் காலத்துக் கீபோர்டு, அடியில் இரும்புத் தகடு. வயரோடு பிடுங்கி முதலாளியின் முகத்தில் அடித்தேன். மூக்கெலும்பு நொறுங்கியது என் கைக்குத் தெரிந்தது. விழுந்தவர் வாயில் இன்னொன்று போட்டேன். பற்களும் எழுத்துப் பொத்தான்களும் கலந்து தரையில் சிதறின. ஓடப் பார்த்த மாப்பிள்ளைக்குக் காதோடு சேர்த்து ஒன்று. தம்பிதான் என்னைக் கட்டிப் பிடித்துச் சுவரோரம் இழுத்துப் போனான். அவன் சட்டையெல்லாம் ரத்தமானது.

போலீஸ் வந்ததும் நான்தான் அடித்தேன் என்றேன். இன்ஸ்பெக்டர் முதலாளியைக் கேட்டார். அவர் வீங்கிய கண்ணால் என்னைப் பார்த்தார். பொம்பளை கையால் பல் போனது என்று வெளியே சொல்ல அவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. விரலைத் தம்பி பக்கம் நீட்டினார். மாப்பிள்ளையும் அதே பக்கம் காட்டினார்.

பொய், பொய் என்று நான் கத்தினேன். "தம்பி மேல அவ்வளவு பாசமாம்மா?" என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

தம்பி மறுக்கவே இல்லை. "நீ வீட்டுக்குப் போக்கா. அவளுக்கு எப்ப வேணாலும் வலி எடுக்கும். கூட ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய் ஜீப்பில் ஏறினான்.

பின்னாலேயே ஓடினேன். ரத்தம் காயாத இரண்டு கைகளையும் தூக்கி, கூடியிருந்த டிரைவர்கள் எல்லாருக்கும் காட்டினேன். பாவம், அடிபட்டவங்களைத் தூக்கி விட்டிருக்கு இந்தப் பொண்ணு என்றார்கள்.